கலந்துவிட்டால் கதையாகுமா?

கதை கேட்க விரும்பாதவர் உலகில் உண்டோ? பாட்டியின் இடுப்பில் அமர்ந்து அம்புலியைப் பார்த்துச் சோறு உண்ட நாள் முதல், பரீட்சைக்கு முதல் நாள் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிக்கும் இந்நாள் வரை, கதை நம்மை விட்டபாடில்லை. (இதனைப் படிக்கும் அருட்சகோதரியர் எங்களை மன்னிப்பார்களாக!)

அதிலும் மாயாஜாலக் கதை என்றால் கேட்கவே வேண்டாம். பேசும் மிருகங்கள், பறக்கும் குதிரைகள், கதவைத் திறந்தால் மறு உலகம் என்று அது நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றுவிடும். இத்தகைய கதைகள் சிலவற்றில் ஒரு விந்தையைக் காண்கிறோம். கிரேக்கர், எகிப்தியர், வட ஐரோப்பியர், இந்தியர் எனப் பல மக்களின் புராணங்களும் ஒரே நூலுக்குள் கலந்து வருகின்றன. இவ்வாறு கலந்து எழுதிய நூல்களுள் சில நெஞ்சை அள்ளுகின்றன. வேறு சில, ஆசையோடு திறந்த நம்மைப் பாதியிலேயே ஏமாற்றிவிடுகின்றன. இரண்டிலும் இருப்பது கலப்புத்தான். அங்ஙனமிருக்க, ஒன்று இனிப்பதும் மற்றொன்று சலிப்பதும் ஏன்?

இக்கேள்வி எங்களுக்கு நூலகத்தில் பிறக்கவில்லை. நாங்கள் செய்த ஒரு தவற்றிலிருந்து பிறந்தது. ஆகவே முதலில் அதனைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் நாவலின் கதை

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் தோழியர் நால்வர் சேர்ந்து ஒரு நாவல் எழுதினோம். இருநூறு பக்க நோட்டு. நீலமும் கறுப்பும் சிவப்பும் கொண்டு எழுதினோம். பெயர், 'ஏழு வாசல் கோட்டை'. வேலப்பன்சாவடியில் வாழும் ஒரு சிறுமி கூவம் ஆற்றுப் பாலத்தின் அடியில் ஒரு கதவைக் காண்கிறாள். அதைத் திறந்தால் ஏழு வாசல் கொண்ட கோட்டை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாட்டுத் தெய்வம் அல்லது வீரர். கிரேக்கரின் இடிக்கடவுள் ஜூஸ், சம்மட்டி ஏந்திய தோர், நரித்தலை கொண்ட எகிப்தின் அனுபிஸ், வாளேந்திய மிக்கேல் அதிதூதர் என நூலகத்துப் புத்தகங்களில் அகப்பட்ட அத்தனை பேரையும் இழுத்து வந்தோம். எங்கள் பகுதியின் பெயரும் விளங்கவேண்டும் என்று எண்ணி, ஏழாவது வாசலில் திருவேற்காட்டுக் கருமாரி அம்மனை நிறுத்தினோம். அவ்வளவுதான். இரண்டு வரி. அம்மன் சூலத்தை விலக்கி வழிவிட்டாள், சிறுமி உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வகுப்பிலேயே அழகான கையெழுத்து உடைய தோழி ஒருத்தி இருக்கிறாள். வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்காக அதனைப் படி எடுத்துத் தரும்படி அவளிடம் நோட்டைக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்து நோட்டு திரும்பி வந்தது. முத்து முத்தாய் எழுதிக்கொண்டே வந்தவள், ஏழாவது வாசலில் நிறுத்தியிருந்தாள்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: "எங்க ஆயா ஒவ்வொரு ஆடியிலயும் அந்தத் தாய்க்குக் கூழ் ஊத்துறாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவங்ககிட்டதான் வேண்டிக்கிட்டாங்க. நீங்க அவங்களை வாட்ச்மேன் ஆக்கிட்டீங்க. உங்க மாதாவை இப்படி எழுதுவீங்களா?"

எங்களுக்குத் தலைநிமிரவில்லை. மிக்கேல் அதிதூதருக்கு நாங்கள் பதினொரு பக்கம் ஒதுக்கியிருந்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாதாவையோ கதைக்குள் கொண்டுவரவே எங்களுக்குத் துணிவு வந்திருக்கவில்லை.

மேலும் ஓர் உண்மையும் உண்டு. அவள் மனம் நொந்தது ஒருபுறம் இருக்க, கதையும் நன்றாக இல்லை. படித்த மற்றத் தோழியர், "நிறைய சாமி வருது, ஆனா ஒண்ணும் நடக்கல" என்றனர். நாங்கள் நூலகப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் நோட்டோடு போய் நின்றோம். திட்டுவார்கள் என்று பயந்தோம். அவர்களோ முழுவதையும் படித்துவிட்டு, "பிள்ளைகளே, இந்தத் தவற்றைப் பெரிய எழுத்தாளர்களே செய்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு பிறகு திருத்துங்கள்" என்றார்கள். அன்று தொடங்கி நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவையே இக்கட்டுரை.

'கிரைமஸ்' என்றொரு நாவல்

முதலாவதாக எங்கள் ஆங்கில ஆசிரியை ஓர் இந்தியரைப் பற்றிச் சொன்னார். 1947ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்து, இங்கிலாந்தில் கல்வி கற்று, அங்கேயே எழுதத் தொடங்கியவர் சல்மான் ருஷ்டி. அவருடைய முதல் நாவல் 'கிரைமஸ்' 1975ஆம் ஆண்டு வெளிவந்தது. அது வயது வந்தோர்க்குரிய நூல், நாங்கள் படிக்கவில்லை. ஆசிரியை சொன்ன அளவில் சுருக்கமாகத் தருகிறோம்.

அமெரிக்கப் பழங்குடி இளைஞன் ஒருவன் சாவா மருந்தை அருந்துகிறான். 777 ஆண்டுகள், 7 மாதங்கள், 7 நாட்கள் உலகெங்கும் அலைகிறான். இறுதியில் மத்தியதரைக் கடலில் ஒரு துளை வழியே விழுந்து, வேறோர் உலகிலுள்ள தீவில் போய்ச் சேர்கிறான். அங்கே ஒரு மலை. அவனுக்கு வழிகாட்டுபவர் பெயர் வர்ஜில். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் மறுஉலகைச் சுற்றி வரும்போது, பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலைத்தான் வழிகாட்டியாக வைத்தார். பெயர் அங்கிருந்து வந்தது. மலையோ பாரசீகக் கதைகளில் வரும் 'காஃப்' மலை. நாவலின் பெயரிலும் ஒரு புதிர் உண்டு. ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் 'கிரைமஸ்' என்பது 'சிமுர்க்' ஆகிவிடும்.

சிமுர்க் யார்? இதனை அறியும்போது எங்களுக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. பாரசீக நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்தார் என்னும் கவிஞர், பறவைகளின் மாநாடு பற்றி ஒரு காவியம் பாடினார். உலகத்துப் பறவைகள் எல்லாம் தங்களுக்கு ஓர் அரசன் வேண்டும் என்று கூடுகின்றன. கொண்டலாத்திப் பறவை அவற்றுக்குத் தலைமை தாங்கி, தொலைவில் வாழும் சிமுர்க் என்னும் பெரும் பறவையைத் தேடி அழைத்துச் செல்கிறது. கடக்கவேண்டியவை ஏழு பள்ளத்தாக்குகள். வழியில் அஞ்சித் திரும்பியவை பல, மாண்டவை பல. முடிவில் போய்ச் சேர்ந்தவை முப்பது பறவைகளே. அங்கே அவை கண்டது என்ன? தம்மையே கண்டன. பாரசீக மொழியில் 'சி' என்றால் முப்பது, 'முர்க்' என்றால் பறவை. தேடிப் போன முப்பது பறவைகளே தேடப்பட்ட சிமுர்க்.

எத்தகைய கதை பாருங்கள்! இக்கதையும் தாந்தேயின் காவியமும் பழங்குடி வாழ்வும் ஒரே நூலில் சேர்ந்தால் அந்நூல் எவ்வளவு சிறந்திருக்க வேண்டும்? ஆனால் 'கிரைமஸ்' சிறக்கவில்லை. வாசகரும் வரவேற்கவில்லை, விமரிசகர் பலரும் பாராட்டவில்லை. ஆசிரியரே பின்னாளில் அதனைப் பற்றிப் பெருமைப்பட்டுக் கொண்டதில்லை.

"ஏன் மிஸ்?" என்று கேட்டோம்.

"அந்தத் தீவு எந்த ஊரும் இல்லையே அம்மா! அங்கே நடப்பவர்கள் காலில் எந்த ஊர் மண்ணும் ஒட்டவில்லை. புதிரை அவிழ்த்தால் மூளை மகிழும். மனசு எதைப் பிடித்துக்கொள்ளும்?" என்றார் ஆசிரியை.

அடுத்து நடந்ததுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அந்நாவலுக்குக் கிடைத்த முன்பணம் 700 பவுன். அதனைச் செலவிட்டு ருஷ்டி இந்தியாவுக்கு வந்தார். பணம் தீரும்வரை பேருந்துகளில் நெடுந்தூரம் பயணம் செய்து, எளிய விடுதிகளில் தங்கி ஊர் ஊராகச் சுற்றினார். அப்பயணத்தின் பயனாக, 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பிறந்த, விந்தை ஆற்றல் படைத்த குழந்தைகளைப் பற்றிய நாவல் உருவாயிற்று. 'நள்ளிரவின் குழந்தைகள்' என்னும் அந்நூல் 1981ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்றது. அதிலும் மாயம் உண்டு, புராணச் சாயல்கள் உண்டு. ஆனால் அவை யாவும் அவர் பிறந்து வளர்ந்த பம்பாய்த் தெருக்களில் நடமாடின. தோல்வியுற்ற நூலுக்கு வந்த பணமே வெற்றி பெற்ற நூலுக்கு வழிச்செலவாயிற்று என்பது நினைக்க நினைக்க இனிக்கிறது.

நண்பருக்குப் பிடிக்காத நார்னியா

ருஷ்டியின் நூலை நாங்கள் படிக்க இயலாது. எனவே, எங்கள் வயதுக்கு ஏற்றதாக, பல புராணங்கள் கலந்த நூல் ஒன்றைச் சிஸ்டர் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். அது 1950ஆம் ஆண்டு வெளிவந்த 'சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும்'. எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த சி. எஸ். லூயிஸ்.

போர்க்காலத்தில் லண்டனை விட்டு நாட்டுப்புறத்து வீடொன்றுக்கு அனுப்பப்பட்ட நான்கு குழந்தைகள், ஒரு துணி அலமாரி வழியே நார்னியா என்னும் உலகுக்குள் நுழைகின்றனர். அங்கே எப்போதும் குளிர்காலம். வெள்ளைச் சூனியக்காரி ஒருத்தி ஆள்கிறாள். முதலில் எதிர்ப்படுவது பாதி மனிதனும் பாதி ஆடுமான 'ஃபான்'. இது கிரேக்க, ரோமானியக் கதைகளின் உயிர். பின்னர் வரும் குள்ளர்கள் வட ஐரோப்பியக் கதைகளிலிருந்து வந்தவர்கள். சூனியக்காரியின் குலமுதல்வியாகச் சொல்லப்படும் லிலித், யூதர்களின் பழங்கதையில் வருபவள். நடுவே ஓரிடத்தில் மணியோசை கேட்கிறது. சறுக்கு வண்டியில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து இறங்கிப் பரிசுகள் கொடுத்துவிட்டுப் போகிறார்!

உண்மையைச் சொல்லவேண்டுமானால், இங்கே எங்களில் இருவர் புத்தகத்தை மூடிவிட்டனர். கேரல் பாட்டோடு வீடுவீடாக வரும் தாத்தாவுக்கு நார்னியாவில் என்ன வேலை? அதுவரை உண்மையென்று நம்பி வந்த உலகம் சட்டென்று அட்டைப்பெட்டியில் செய்ததுபோல் ஆகிவிட்டது.

எங்களுக்கு முன்பே ஒருவர் இவ்வாறு ஏமாற்றம் அடைந்திருக்கிறார் என்று சிஸ்டர் சொன்னபோது வியந்தோம். அவர் லூயிசின் நெருங்கிய நண்பர் டோல்கீன். 'ஹாபிட்' (1937), 'மோதிரங்களின் தலைவன்' (1954–55) ஆகிய நூல்களை எழுதிப் புகழ் பெற்றவர். ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. லூயிஸ் கிறிஸ்தவ விசுவாசத்தை இன்னும் ஏற்காதிருந்த நாளில், 1931ஆம் ஆண்டு ஓர் இரவு நெடுநேரம் அவரோடு பேசி, அவர் கிறிஸ்துவிடம் திரும்பத் துணை நின்றவர்களுள் டோல்கீனும் ஒருவர். அத்தகைய நண்பர், நார்னியாவின் தொடக்கப் பகுதியை லூயிஸ் படித்துக் காட்டியபோது பாராட்டவில்லை. வெவ்வேறு புராணங்களை இப்படி ஒன்றாய்க் கொட்டியது அவருக்குப் பொறுக்கவில்லை. லூயிஸ் மனம் தளர்ந்தார். வேறொரு நண்பரான ரோஜர் லான்சலின் கிரீன் ஊக்கம் தந்ததால் தொடர்ந்து எழுதி முடித்தார். அந்தக் கிரீனும் கிறிஸ்துமஸ் தாத்தாவை எடுத்துவிடும்படி சொல்லிப் பார்த்தார். லூயிஸ் இணங்கவில்லை.

டோல்கீனும் பழங்கதைகளிலிருந்து எடுத்தவர்தாம். 'ஹாபிட்' கதையின் குள்ளர்களில் பலருடைய பெயர்கள் வட ஐரோப்பியரின் பழம்பாடல் ஒன்றிலிருந்து வந்தவையே. ஆயினும் அவர் எடுத்ததை அப்படியே நிறுத்திவிடவில்லை. தம் கதையுலகிற்கென மொழிகளை உருவாக்கினார், நிலப்படம் வரைந்தார், ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் வரலாறு எழுதினார். பல்லாண்டு உழைத்து, எடுத்தது எதுவும் இரவல் என்று தோன்றாதபடி செய்தார். அவ்வாறு உழைத்தவருக்கு நண்பரின் விரைவு பிடிக்காமற் போனதில் வியப்பில்லை.

அப்படியானால் நார்னியா தோற்றதா? அதுதான் இல்லை. புத்தகத்தை மூடிய இருவரையும் மீண்டும் படிக்கும்படி சிஸ்டர் வற்புறுத்தினார்கள். படித்தோம். அஸ்லான் என்னும் சிங்கம் வந்தது. துரோகம் செய்த சிறுவன் எட்மண்டின் உயிருக்கு ஈடாகச் சிங்கம் தானே கல்மேசையில் படுத்துத் தன் உயிரைக் கொடுத்தது. விடியற்காலையில் உயிர்த்தெழுந்தது. புனித வெள்ளியும் பாஸ்காத் திருவிழாவும் எங்கள் கண்முன் வந்தன. அழுதோம் என்று சொல்ல வெட்கமில்லை. அதற்குப் பிறகு ஃபான், குள்ளர் யாவரும் அந்தச் சிங்கத்தைச் சுற்றி நிற்பவர்களாகத் தோன்றினார்களேயன்றி, வெவ்வேறு புத்தகங்களிலிருந்து வந்தவர்களாகத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும் எங்களுக்கு இன்னும் ஒட்டவில்லை. அவ்வளவில் டோல்கீன் சொன்னதும் சரியே.

தேம்பாவணி காட்டும் வழி

வெளிநாட்டு நூல்களையே பேசிக்கொண்டிருந்த எங்களைத் தமிழாசிரியை ஒருநாள் தம் வகுப்பில் பிடித்துக்கொண்டார். "இரண்டு நாட்டுக் கதைமரபு கலந்த நூல் உங்கள் கையிலேயே இருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்றார். 2019ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை விரித்தார். தேம்பாவணி!

தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவர் இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்தவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்து, தமிழ் கற்று, இலக்கணமும் அகராதியும் காவியமும் உரைநடையும் படைத்து, 1747ஆம் ஆண்டு மறைந்தார். எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துகளின் வேறுபாடு தெளிவாகும்படி எழுத்துச் சீர்திருத்தம் செய்தவரும் அவரே. இன்று நாம் 'எ' என்றும் 'ஏ' என்றும் மயக்கமின்றி எழுதும்போதெல்லாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் அவருடைய சிலையும் ஒன்று.

அவர் 1726ஆம் ஆண்டு தூய சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு பாடிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. கதைக்கு மூலமாக அமைந்தவற்றுள் முக்கியமானது, ஸ்பெயின் நாட்டு ஆகிர்தா ஊரைச் சேர்ந்த மரியா என்னும் கன்னியர் எழுதிய நூல். ஆக, ஸ்பெயின் நாட்டுக் கன்னியர் எழுதிய யூத நாட்டுக் கதையை இத்தாலி நாட்டுத் துறவி தமிழில் பாடினார். இதைவிடப் பெரிய கலப்பு வேண்டுமா? ஆனாலும் படிக்கும்போது எங்கும் தையல் தெரிவதில்லை.

அவர் செய்தது என்ன? சூசை என்னும் பெயருக்கு 'வளன்' என்று தமிழ்ப்பெயர் கொடுத்தார். ஸ்நாபக அருளப்பருக்குக் 'கருணையன்' என்று பெயர் சூட்டினார். கம்பர் முதலிய பெரும்புலவர்கள் சென்ற நெறியில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்தார். யூதேயா நாட்டின் மேல் தமிழ் மழை பெய்தது. நீர் பெருகி வயல்கள் விளைந்தன.

எங்கள் பாடப்பகுதியில், காட்டில் தன்னை வளர்த்த தாய் எலிசபெத்து அம்மையார் மறைந்தபோது கருணையன் அழுகிறான். தாயின் சொல்லையே மழையாகக் கொண்டு வாழ்ந்த தான், துளியின்றி மணி பிடிக்கும் முன்பே காய்ந்துபோன இளம்பயிர் போல் ஆனதாகப் புலம்புகிறான். அப்பாட்டை ஆசிரியை விளக்கியபோது வகுப்பே அமைதியாயிற்று. பாலைவனத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு வாழ்ந்ததாக விவிலியம் கூறும் அருளப்பர், இங்கே தமிழ் உழவனின் துயரத்தைக் கொண்டு அழுகிறார். இத்தாலியில் பிறந்த ஒருவருக்கு, மணி பிடிக்கும் முன்பே பயிர் காய்ந்தால் வீடு எப்படி இருக்கும் என்பது தெரிந்திருந்தது. புத்தகத்தில் மட்டும் படித்தால் அது தெரியுமா? இம்மண்ணில் இம்மக்களோடு இருந்ததால் தெரிந்தது.

தேம்பாவணி எளிய நூல் என்று சொல்ல மாட்டோம். உரையின்றிப் புரிவதில்லை. ஆனால் அதில் வரும் யாரும் வாசலில் நின்றுவிட்டுப் போகிறவர்களாக இல்லை.

சாவடியும் வீடும்

இனி, எங்கள் கேள்விக்கு வருவோம். கலப்பு ஓரிடத்தில் இனிப்பதும் ஓரிடத்தில் சலிப்பதும் ஏன்? விடை எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, அதனைக் கடந்தால் குமணன்சாவடி. நடந்தும் மாட்டுவண்டியிலும் மக்கள் பயணம் செய்த காலத்தில் சாவடிகளே இளைப்பாறும் இடங்கள். அங்கே பல ஊரார் வருவர். ஆளுக்கொரு மூலையில் கல்லைக் கூட்டி உலை வைப்பர். பொழுது விடிந்தால் தத்தம் வழியே போய்விடுவர். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமலே போவதும் உண்டு. வீடு அப்படியன்று. அங்கே அடுப்பு ஒன்று. வெளியூரிலிருந்து வந்த மருமகளும் சிறிது காலத்தில் அந்த அடுப்பில் சமைக்கிறாள். தன் பிறந்த வீட்டுக் குழம்பையும் அதிலேயே வைக்கிறாள். பிறகு அது அந்த வீட்டுக் குழம்பாகிவிடுகிறது.

புராணங்களைக் கலந்து எழுதிய நூல்களும் இவ்விரு வகையினவே. 'கிரைமஸ்' பாரசீகரையும் இத்தாலியரையும் பழங்குடியினரையும் ஒரு மலையில் தங்கவைத்தது. அவர்களுக்குப் பொதுவான அடுப்பு மூட்டவில்லை. நார்னியாவில் அஸ்லானின் தியாகம் அந்த ஓர் அடுப்பாயிற்று. அதில் வேகாத கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும் தனியே நின்றார். தேம்பாவணியிலோ முனிவர் முதலில் தாமே அவ்வீட்டுப் பிள்ளை ஆனார்; ஆகவே அவர் கொண்டுவந்த விருந்தினரும் வீட்டார் ஆயினர்.

எங்கள் 'ஏழு வாசல் கோட்டை' சாவடியாகக்கூட இல்லை. சாவடியில் தங்குபவருக்கு ஒரு வாய் தண்ணீராவது கிடைக்கும். நாங்கள் ஒரு தெய்வத்தை அழைத்து வந்து, அவர் யார், அவரை நம்பி வாழ்வோர் யார், அவரிடம் எதற்காக அழுகிறார்கள் என்று கேட்கவே இல்லை. சூலம் பார்க்க அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டோம்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜூசையும் தோரையும் வைத்து நாங்கள் விளையாடியபோது எங்கள் வகுப்பில் யாருக்கும் வலிக்கவில்லை. அவர்கள் எங்களுக்குக் கதைமாந்தர் மட்டுமே. ஆனால் பழைய கதை என்று ஒருவர் எடுப்பது, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு இன்று காலையில் சொன்ன பிரார்த்தனையாக இருக்கலாம். நம் செபமாலையை யாரேனும் ஒரு நாடகத்தில் அலங்கார மாலையாக மாட்டிக்கொண்டு ஆடினால் நமக்கு எப்படி இருக்கும்? பிறர் புராணத்தை எடுக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

முடிவுரை

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள், "ஆயாகிட்ட வந்து கேளுங்க" என்றாள். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் வீட்டுக்குப் போனோம். ஆயா எங்களைத் திட்டவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, "புள்ளைங்க தானே" என்று சிரித்து, ஆளுக்கொரு சொம்பில் கேழ்வரகுக் கூழும் தொட்டுக்கொள்ள வெங்காயமும் முருங்கைக் கீரையும் கொடுத்தார்கள். பேத்திக்குக் காய்ச்சல் வந்த ஏழு நாளும் தாம் என்ன செய்தார்கள், யார் யார் வந்து உதவினார்கள், எந்த வீட்டிலிருந்து கஞ்சி வந்தது என்றெல்லாம் சொன்னார்கள். கஞ்சி கொடுத்து அனுப்பியவர் கோயிலுக்குப் போகாத, மாதா கோவிலுக்குப் போகும் ஒரு பாட்டி என்பதையும் சொன்னார்கள். எந்த மாயமும் இல்லாத அந்தக் கதையை எழுந்திருக்க மனமின்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதனை நாங்கள் எழுதப் போவதில்லை. அது எங்கள் தோழியின் கதை. அவளே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். 'ஏழு வாசல் கோட்டை'யை நாங்கள் புதிதாக எழுதி வருகிறோம். ஏழு வாசல் இப்போது ஒன்றாகிவிட்டது. கூவம் ஆற்றுப் பாலம் மட்டும் அப்படியே இருக்கிறது. இருநூறு பக்கம் முப்பது பக்கமாகச் சுருங்கிவிட்டது. ஜூஸ், தோர், அனுபிஸ் மூவரும் விடைபெற்றுக்கொண்டனர். மிக்கேல் அதிதூதரையும் வணக்கத்தோடு பீடத்துக்கே அனுப்பிவிட்டோம்.

எங்கள் தவற்றைப் பொறுத்து, படிக்க நூல்கள் தந்து வழிகாட்டிய சிஸ்டருக்கும், ஆங்கில, தமிழாசிரியைகளுக்கும் எங்கள் நன்றி. எங்கள் இளைய தங்கையரே! நீங்களும் மாயாஜாலக் கதை எழுதுங்கள். பல நாட்டுக் கதைகளையும் விரும்பிப் படியுங்கள். ஆனால் பிறர் வீட்டிலிருந்து ஒருவரைக் கதைக்குள் அழைத்து வந்தால், வாசலில் நிறுத்திவிடாதீர்கள். உள்ளே அழைத்து, உட்காரவைத்து, அவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

புதிய கதையைப் படி எடுக்க அதே தோழி ஒப்புக்கொண்டிருக்கிறாள். இம்முறை எழுதும் முன் முழுவதையும் படித்துப் பார்ப்பேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். நாங்களும் சம்மதித்துவிட்டோம்.

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு